மழையைப் பார்த்துப் பனியை மறக்காதீர்கள்: இலையுதிர் கால முன்னறிவிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறண்ட சமவெளியில் மானாவாரியாகப் பயிர் செய்பவருக்கு இலையுதிர் காலம் வந்தாலே இரண்டு கவலைகள். மழை எப்போது, உறைபனி எப்போது? பலரும் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். என் கணக்கில் முதல் தவறே அதுதான். மழை குறைந்த பருவத்தில் மேகமும் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. பகலில் மண் வாங்கிய சூடு ராத்திரியில் தடையில்லாமல் மேலே போய்விடும். காய்ந்த மண்ணோ பகலிலேயே அதிகச் சூட்டைச் சேர்த்து வைக்காது. ஆகவே ‘மழை குறையலாம்’ என்று அறிவிப்பு வந்தால் பனி இரவுகள் கூடலாம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்தது சதவீதம். ‘இயல்பைவிட அதிக மழைக்கு 60 சதவீத வாய்ப்பு’ என்றால் 60 சதவீதம் கூடுதலாகப் பெய்யும் என்று அர்த்தமில்லை. பத்தில் நான்கு முறை அந்த மழை ஏமாற்றும் என்பதும் அதே வரியில் இருக்கிறது. குறைவு, இயல்பு, அதிகம் என மூன்றாகப் பிரித்துச் சொல்லும் அறிவிப்பில் 33 சதவீதம் என்றால் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று பொருள். 40 என்றால் லேசான சாய்வு, அவ்வளவுதான். அதை நம்பிக் கடன் வாங்கி மொத்த உரத்தையும் முதலிலேயே போடுவது சூதாட்டம். எல் நினோ, லா நினா (மழையை மாற்றும் வகையில் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதும் குளிர்வதும்) பற்றிய கணிப்புகளும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களைத் தாண்டிச் சொல்லும்போது தடுமாறும். தென் அரைக்கோளத்தில் அதுதான் இலையுதிர் காலம், விதைப்பை முடிவு செய்கிற அதே நேரம்!

சரி, மழையே பெய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்த மில்லிமீட்டரை மட்டும் பார்த்து விதைக்கக் கிளம்பாதீர்கள். 1 மி.மீ. மழை என்பது ஹெக்டேருக்கு 10,000 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் 25 மி.மீ. மழை ஐந்து தவணையாக, நடுநடுவே வெயிலோடு வந்தால் பெரும்பகுதி மேல்மண்ணை நனைத்துவிட்டு ஆவியாகிவிடும். விதை முளைக்கும், வேர் கீழே போய்த் தேடும், அங்கே ஈரம் இருக்காது. மண்வெட்டியை எடுத்து இரண்டு சாண் தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் சரி, பொடியாக உதிர்ந்தால் காத்திருங்கள்.

ஆழமாகவே நனைந்திருந்தாலும் ஒரு பொறி உண்டு. மழை சீக்கிரம் வந்ததே என்று குறுகிய வயதுக் கோதுமையைச் சீக்கிரம் விதைத்தால் அது சீக்கிரமே பூக்கும். அந்தச் சமயத்தில் உறைபனிக் காலம் முடிந்திருக்காது. இளம்பயிராக இருக்கும்போது ஓரளவு குளிரைத் தாங்குகிற கோதுமை, பூக்கும்போது தாங்காது. மகரந்தம் செத்துக் கதிர் பதராகிவிடும். பனியால் வரும் நஷ்டத்தில் பாதி விதைப்பு நாளிலேயே முடிவாகிவிடுகிறது என்பேன். மழை முந்தினால் வயது நீண்ட ரகத்துக்கு மாறுவது நல்லது.

கோடைப் பயிர் இன்னும் வயலில் நிற்பவர்களுக்குக் கவலை வேறு. ‘முதல் பனியின் சராசரி தேதி’ பாதுகாப்பு எல்லை அல்ல. ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் பனி அதற்கு முன்பே இறங்கிவிடும். மக்காச்சோள மணியைப் பிய்த்து அடிநுனியைப் பாருங்கள். கறுப்புப் படலம் வந்துவிட்டால் மணி முற்றிவிட்டது, அதன்பின் பனி வந்தாலும் எடை குறையாது.

அப்புறம் வெப்பமானி. வானிலை நிலையத்தில் அது தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் இருக்கும். காற்றில்லாத தெளிந்த இரவில் அங்கே 2 டிகிரி காட்டும்போதே இலைமட்டத்தில் உறைநிலை வந்திருக்கலாம். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு ஓடும். சமவெளி என்றாலும் ஓரிரு மீட்டர் தாழ்வான மூலை எங்காவது இருக்கும். அங்கே ஒரு குச்சி நட்டு, பயிர் உயரத்தில் வெப்பமானியைக் கட்டுங்கள். வெள்ளைப் பூச்சு தெரிந்தால்தான் பனி என்றும் நினைக்க வேண்டாம். காற்று மிகவும் வறண்டிருந்தால் வெள்ளையே படியாமல் இலை கருகும்.

பனி விழுந்த மறுநாளே பயிரை உழுது மடக்குவதும் அவசரம்தான். சேதம் உடனே முழுதாகத் தெரியாது. ஒரு வாரம் விட்டு, வயலின் மேட்டிலும் பள்ளத்திலும் சில தண்டுகளை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே இருக்கும் இளங்கதிர் பச்சையாக விறைப்பாக இருந்தால் பயிர் பிழைத்தது. வெளுத்துத் துவண்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தீவனத்துக்கு அறுக்கலாம்.