சன்பெட் வேண்டாம், ஒரு பாட்டில் மூஸ் போதும்: குளியலறையிலேயே மாநிறம்

போன ஆகஸ்டில் என் கொழுந்தியாளுக்குக் கல்யாணம். என் மனைவி கிளாஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்தவள். வெயிலில் கால் மணி நேரம் நின்றால் சிவந்துபோவாளே தவிர, கருக்க மாட்டாள். தோழிப்பெண்கள் எல்லோருக்கும் முதுகு தெரிகிற, கையில்லாத கவுன். "வெள்ளையடித்த சுவர் மாதிரி போட்டோவில் நிற்க மாட்டேன்" என்றாள். நம் ஊரில் வெளுக்க க்ரீம் வாங்குகிறோம், இங்கே கருக்க வாங்குகிறார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம், இன்றைக்கு வேண்டாம்.

எங்கள் தெருமுனையிலேயே சன்பெட் கடை இருக்கிறது. புற ஊதா விளக்குகள் பொருத்திய படுக்கையில் தோலைக் கருக்க வைக்கும் கடை. ஆறு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று கணக்குப் போட்டுப் படுக்க வைப்பார்கள். சின்ன வயதில் அவளும் போயிருக்கிறாள். மூன்று வருடம் முன்பு அவள் தோளில் இருந்த ஒரு மச்சத்தை டாக்டர் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஆனாலும் முடிவு வரும்வரை இருவருக்கும் தூக்கமில்லை. அன்றோடு அந்தக் கடைப் பக்கமே போவதில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இலேயே சன்பெட்டைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், வைத்துவிட்டது. பிரேசில் அதே வருடம் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் இப்போது கடை வைத்து நடத்தவே முடியாது. பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான் தடை. "வெளிநாடு போகும்முன் கொஞ்சம் கறுத்துக்கொண்டால் வெயில் சுடாது" என்று இங்கே பலர் சொல்வார்கள். அப்படி வரும் நிறம் தருகிற பாதுகாப்பு, சன்ஸ்க்ரீன் பாட்டிலில் போடும் எஸ்பிஎஃப் கணக்கில் 3 அல்லது 4 அளவுதான். அதற்காகத் தோலைச் சுட்டுக்கொள்வானேன்?

சரி, வேலைக்கு வருவோம்.

சன்பெட்டுக்குப் பதில் நாங்கள் வாங்கியது மூஸ், அதாவது பூசினால் தோலைப் பழுப்பாக்கும் நுரை. அந்த பாட்டிலில் இருப்பது டைஹைட்ராக்சிஅசிட்டோன், சுருக்கமாக டிஎச்ஏ. ஒரு வகைச் சர்க்கரை. தோலின் மேலே இருக்கும் செத்த அடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது. தோசை முறுகும்போது நடக்கிற வேதிவினையின் உறவுக்காரன்தான் இது. 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், ஒரு நோய்க்காகக் குழந்தைகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சிந்திய இடத்தில் தோல் பழுப்பானது, துணி ஆகவில்லை. அப்படித்தான் இந்த வியாபாரமே ஆரம்பித்தது.

இதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. மருதாணியை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும். இரவு வைத்தால் காலையில் சிவக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் சரியாகப் பிடிக்காது. தோல் தடித்த உள்ளங்கையில்தான் ரொம்பச் சிவக்கும், புறங்கையில் மங்கல்தான். தோல் உதிர உதிர நிறமும் போகும். டிஎச்ஏ-வும் அப்படியேதான். இந்த ஒரு விஷயம் முன்பே என் மூளைக்கு எட்டியிருந்தால் கீழே சொல்லப்போகும் அவமானம் நடந்திருக்காது.

பூசுவதற்கு முன்

முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் இந்தப் பதிவை மூடிவிடலாம். வராவிட்டால் ஷேவிங், தேய்த்துக் குளிப்பது எல்லாவற்றையும் பூசுவதற்கு முந்தின நாளே முடித்துவிடுங்கள். பூசுகிற அன்றைக்கே ஷேவ் செய்தால் ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு கரும்புள்ளி விழும். தேய்க்க இவர்கள் விதவிதமாக ஸ்க்ரப் விற்கிறார்கள், பாதியில் எண்ணெய் இருக்கிறது. என் ஓட்டு பீர்க்கங்காய் நாருக்குத்தான்.

எந்த நாள் என்பதும் முக்கியம். சனிக்கிழமை விசேஷம் என்றால் வியாழன் இரவு பூசுங்கள். வெள்ளி இரவு பூசினால், கோணலாக வந்ததைச் சரிசெய்ய அவகாசம் இருக்காது.

வறண்ட இடங்கள்: நாங்கள் வழுக்கி விழுந்த படி

முதல் ஒத்திகையில் இதைத் தாண்டிப் போய்விட்டோம். காலையில் பார்த்தால் மனைவி பழுப்பு சாக்ஸ் போட்டது மாதிரி இருந்தாள். கணுக்கால், குதிகால், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு, விரல் முட்டி எல்லாம் வறண்டு தடித்த தோல். தாகத்தில் இருப்பவன் மாதிரி மூஸை இழுத்துக்கொள்ளும். மருதாணியில் உள்ளங்கை நடந்துகொள்வது போலத்தான்.

அதனால் பூசுவதற்குக் கொஞ்சம் முன்னால் இந்த இடங்களில் மட்டும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லியதாகத் தடவுங்கள். மற்ற இடங்களில் ஒன்றும் வேண்டாம். டியோடரன்ட், சென்ட் எதுவும் கூடாது. புருவத்திலும் நெற்றி முடியோரத்திலும் துளி வாஸ்லின்.

அப்புறம் இதை எழுதி ஒட்டிவையுங்கள்: பாதத்துக்கும் புறங்கைக்கும் தனியாக மூஸ் எடுக்கவே கூடாது. காலையும் கையையும் முடித்தபின் கையுறையில் ஒட்டியிருக்கும் மிச்சம்தான் அவற்றுக்கு. விரல்களை லேசாக மடக்கிக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு. இரண்டாவது ஒத்திகையில் இந்த ஒரு மாற்றம் மட்டும்தான் செய்தோம், சாக்ஸ் காணாமல் போய்விட்டது.

பூசுவது

லோஷன், ஸ்ப்ரே, ஈரத்துணி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆரம்பிப்பவர்களுக்கு மூஸ்தான். சீக்கிரம் காயும், கூடவே ஒரு தற்காலிகச் சாயம் இருப்பதால் எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்று உடனே தெரியும். வீட்டில் செயின்ட் ட்ரோபே, பாண்டி சாண்ட்ஸ் என்ற இரண்டு பிராண்டும் இருக்கின்றன. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறதாம். உங்கள் நிறத்தைவிட ஒரு படி மட்டும் கூடுதலாக வாங்குங்கள். 'அல்ட்ரா டார்க்' என்று போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். மூஸின் அடிநிறம் பச்சை அல்லது ஊதா கலந்ததாக இருந்தால் ஆரஞ்சு அடிக்காது.

வெல்வெட் கையுறையில் இரண்டு அமுக்கு, காலிலிருந்து மேலாக, வட்டமாக. முகத்துக்கு மூஸ் வேண்டாம். மாய்ஸ்சரைசரில் கலக்கும் சொட்டுகள் விற்கின்றன, இரண்டு சொட்டு போதும். காதையும் பின்கழுத்தையும் விட்டுவிடாதீர்கள், போட்டோவில் காட்டிக்கொடுக்கும்.

முதுகுதான் என் பங்கு. கையுறை ஒன்றுதான் இருந்தது, அது அவள் கையில். நான் வீரமாக வெறுங்கையால் பூசிவிட்டு, டிவியில் ஒரு ஓவர் பார்த்துவிட்டு, அரை மணி கழித்துக் கை கழுவினேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் இரண்டு உள்ளங்கையும் பழுத்த ஆரஞ்சு. "உன் வீட்டில் கல்யாணமா? மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறதே" என்றார் ஹைதராபாத் நண்பர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லையே. கையுறை இல்லாமல் தொட்டால் அந்த நிமிடமே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தனியாக இருப்பவர்கள் முதுகுக்கு நீளக் கைப்பிடி வைத்த லோஷன் தடவியில் கையுறையைச் சுற்றிக்கொள்ளலாம்.

இரவும் காலையும்

பத்து நிமிடம் அசையாமல் காயவிட்டு, தொளதொளவென்று கறுப்பு உடை. வியர்க்கக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது (இந்த விதியை அவள் ரொம்ப ரசித்தாள்). பழைய போர்வை விரியுங்கள். லேசாகக் கருகிய பிஸ்கட் வாசனை வரும், அது எந்த பாட்டிலிலும் முழுதாகப் போகாது.

ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள், சோப்பு வேண்டாம். பழுப்புத் தண்ணீர் ஓடும். 'எல்லாம் போச்சு' என்று அவள் கத்தினாள். போகிறது தற்காலிகச் சாயம் மட்டுமே. உண்மையான நிறம் உள்ளே இருக்கிறது, 24 மணி நேரம் வரைக்கும்கூட ஏறும். பிறகு தினமும் மாய்ஸ்சரைசர். துண்டால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. ஐந்திலிருந்து ஏழு நாள் தாங்கும். இந்த நிறம் வெயிலைத் தடுக்காது, சன்ஸ்க்ரீன் வழக்கம்போலப் போட வேண்டும்.

பிற்சேர்க்கை 1: மூன்றாம் நாளே திட்டுத் திட்டாகப் போய்விட்டதாக லண்டன் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்! நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்தால் பூசிய எந்த நிறமும் நிற்காது. அதையே பயன்படுத்திக்கொள்ளலாம்: கோணலாக வந்தால் எண்ணெய் தேய்த்து இருபது நிமிடம் ஊறி, பீர்க்கங்காய் நாரால் தேயுங்கள். எலுமிச்சம்பழம் வேண்டாம், ஷேவ் செய்த காலில் எரியும்.

பிற்சேர்க்கை 2: தோலைக் கருக்க வைக்கும் மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். மாத்திரைகளில் இருக்கும் கேன்தாசாந்தின் என்ற நிறமி கண்ணின் விழித்திரையில் படிகமாகப் படியக்கூடியது. தோலின் நிறத்தைக் கூட்டும் மெலனோடான் என்ற மருந்தின் ஊசியும் ஸ்ப்ரேயும் பிரிட்டனில் அனுமதி பெறாதவை. இரண்டும் வேண்டாம். கேரட் நிறையத் தின்றால் நிறம் வரும்தான், ஆனால் என் திங்கட்கிழமை உள்ளங்கை மாதிரி வரும்.

பிற்சேர்க்கை 3: "நம் தோலில் வேலை செய்யுமா?" செய்யும். என் காலில் கோடை முழுக்கச் செருப்பு வார் விட்ட வெள்ளைக் கோடுகள் இருந்தன. பெயின்ட் பிரஷ்ஷால் கோட்டுக்குள் மட்டும் மெல்லிசாக இரண்டு இரவு தொட்டேன். இடது காலில் அடையாளமே இல்லை. வலது காலில் கோட்டைத் தாண்டிவிட்டேன். இப்போது அங்கே வெள்ளை வாருக்குப் பதில் கறுப்பு வார். இன்று இரவு எண்ணெய்.