வேகமாக ஏறி இறங்கும் வளர்ச்சிப் பங்குகள்: எங்கே கையைச் சுட்டுக்கொள்கிறோம்?

அமேசான் பங்கை 1999 டிசம்பரில் உச்ச விலைக்கு வாங்கியவர், இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் போட்ட பணத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கரைந்துபோனதைப் பார்த்திருப்பார். வாங்கிய விலை திரும்பவே ஏறத்தாழ 10 ஆண்டுகள் பிடித்தன. அதற்குப் பிறகு அந்தப் பங்கு எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். பொறுமைக்குப் பலன் உண்டு என்று சொல்ல வரும் எவரும் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் பங்கை 2000 மார்ச்சில் சுமார் 80 டாலருக்கு வாங்கியவரும் பொறுமையாகத்தான் இருந்தார். நிறுவனம் மூழ்கிவிடவில்லை, அடுத்த 20 ஆண்டுகளில் விற்பனையும் லாபமும் நன்றாகவே பெருகின. ஆனாலும் 80 டாலரை மறுபடி பார்க்க 20 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, பொறுமை மட்டும் போதாது. விலை சரியும் நாளில் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலான தவறுகள் வாங்கும் நாளிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. எவ்வளவு வாங்கினோம், எதற்காக வாங்கினோம் என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் இருக்கிறது.

அளவுக்கு மீறி வாங்குவது

ஜெயித்த பங்குகளின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். நெட்ஃபிளிக்ஸ் 2011-இல் சில மாதங்களுக்குள் 75 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2021 நவம்பரிலிருந்து 2022 மே வரை மறுபடியும் அதே அளவு விழுந்தது. என்விடியா 2021 நவம்பர் உச்சத்திலிருந்து 2022 அக்டோபருக்குள் சுமார் 65 சதவீதம் இழந்தது. இவை பிழைத்து வந்த பங்குகள். பிழைக்காதவற்றின் பெயர்கூட இன்று நினைவில் இல்லை. எனவே இத்தகைய பங்கை வாங்கும்போது, பாதிக்கு மேல் சரிவது ஒரு விபத்து அல்ல, என்றாவது வரத்தான் போகிறது என்றே கணக்குப் போட வேண்டும்.

கணக்கு எளிது. மொத்தச் சேமிப்பில் 5 சதவீதத்தை ஒரு பங்கில் போட்டிருக்கிறீர்கள். அது 70 சதவீதம் சரிந்தால் மொத்தத்தில் 3.5 சதவீதம் போகும். வலிக்கும், ஆனால் உட்கார்ந்து அடுத்த காலாண்டு முடிவுகளை நிதானமாகப் படிக்க முடியும். அதே பங்கில் 40 சதவீதத்தைப் போட்டிருந்தால் 28 சதவீதம் போய்விடும். அந்த நிலையில் யாரும் நிதானமாக எதையும் படிப்பதில்லை. நடுராத்திரியில் எழுந்து விலையைப் பார்ப்பார்கள், கடைசியில் மோசமான ஒரு நாளில் எல்லாவற்றையும் விற்பார்கள். துணிச்சல் குறைவு என்று இதைச் சொல்வது தப்பு. அளவுதான் கூடிப்போனது.

இறக்கத்தின் கணக்கு ஏற்றத்தின் கணக்கைவிடக் கொடுமையானது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 50 சதவீதம் இழந்தால் அசலை எட்ட 100 சதவீதம் ஏற வேண்டும். 80 சதவீதம் இழந்தால் 400 சதவீதம்; 90 சதவீதம் இழந்தால் 900 சதவீதம்.

அளவு தானாகவும் பெருகும். 5 சதவீதமாகத் தொடங்கிய பங்கு ஐந்தாறு மடங்கு ஏறி, உங்கள் மொத்த முதலீட்டில் கால்வாசியைப் பிடித்துக்கொள்ளும். "அது லாபப் பணம்தானே, போனால் போகட்டும்" என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும். லாபமாக வந்தாலும் அது உங்கள் பணம்தான். ஒரு வரம்பை முன்பே வைத்துக்கொண்டு, அதைத் தாண்டும்போது கொஞ்சம் குறைப்பது நல்லது என்பது என் கருத்து.

குறைப்பது வேறு, இரண்டு மடங்கானதும் மொத்தமாக விற்றுவிட்டு நிம்மதியாவது வேறு. 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் பட்டியலான பங்குகளை ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் என்ற பேராசிரியர் ஆராய்ந்தார். குறுகிய கால அரசுக் கடன்பத்திரங்களைவிடக் கூடுதலாகப் பங்குகள் ஈட்டிய செல்வம் முழுவதும் சுமார் 4 சதவீத நிறுவனங்களிலிருந்தே வந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்ட பங்குகள், தங்கள் வாழ்நாள் முழுவதும் சேர்த்து, அந்தக் கடன்பத்திரங்கள் தந்த அளவுகூடத் தரவில்லை. அந்த 4 சதவீதத்தில் ஒன்று கையில் இருக்கும்போது அவசரமாக விற்பவருக்கு, மற்ற பங்குகளின் நஷ்டத்தை ஈடுகட்ட எதுவும் மிஞ்சாது. நடைமுறையில் மனிதர்கள் சரியாக இதைத்தான் செய்கிறார்கள். ஏறியதை விற்று இறங்கியதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை ஷெஃப்ரின், ஸ்டாட்மன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1985-லேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

டிரேடிங்கை முதலீடாக மாற்றுவது

காலாண்டு முடிவுக்கு முன்னால் ஏறும், இரண்டு வாரத்தில் விற்றுவிடலாம் என்று வாங்குகிறார் ஒருவர். முடிவுகள் வருகின்றன, பங்கு 20 சதவீதம் விழுகிறது. அன்று மாலையிலிருந்து அவர் நீண்டகால முதலீட்டாளர்! நிறுவனத்தின் எதிர்காலம் பற்றிய காணொளிகளை அதன்பிறகுதான் தேடிப் பார்ப்பார். இதன் மறுபக்கமும் உண்டு. ஐந்து ஆண்டு வைத்திருக்க வாங்கியவர், மூன்று நாளில் 30 சதவீதம் ஏறியதும் விற்கிறார், கொஞ்சம் இறங்கினால் திரும்ப வாங்கலாம் என்று. அது இறங்குவதில்லை, கூடுதல் விலை கொடுத்து வாங்க மனமும் வருவதில்லை.

இரண்டையும் செய்ய ஆசை இருந்தால் இரண்டு தனிக் கணக்குகளில் செய்யலாம். வாங்கும் நாளன்றே இரண்டு வரி எழுதிவைப்பது இன்னும் முக்கியம்: ஏன் வாங்குகிறேன், என்ன நடந்தால் விற்பேன். "விலை இறங்கினால்" என்பது டிரேடருக்குச் சரியான பதில். முதலீட்டாளரின் பதிலில் விற்பனை வளர்ச்சி, லாப விகிதம், கடன், போட்டி என்று நிறுவனத்தைப் பற்றிய ஏதாவது இருக்க வேண்டும்.

அடிக்கடி வாங்கி விற்பதன் விலை என்ன என்பதற்கு பார்பர், ஓடீன் இருவரின் ஆய்வு இருக்கிறது. ஒரு அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை 1991 முதல் 1996 வரை பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக டிரேடிங் செய்தவர்களுக்குக் கிடைத்தது 11.4.

இறங்க இறங்க ஆவரேஜ் செய்வது

ஜூம் பங்கு 2020 அக்டோபரில் 550 டாலரைத் தாண்டியது. 2022 இறுதியில் 70 டாலருக்கும் கீழே. இடையில் நிறுவனம் மோசமாக நடந்ததா என்றால், இல்லை. 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 55 சதவீதம் கூடி 400 கோடி டாலரைத் தாண்டியது. சராசரி விலையைக் குறைக்க (அதுதான் ஆவரேஜ் செய்வது) 400-இல், 300-இல், 200-இல் என்று வாங்கிக்கொண்டே போனவருக்கு ஒவ்வொரு முறையும் "நல்ல நிறுவனம், மலிவான விலை" என்றுதான் தோன்றியிருக்கும்.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. உச்சத்தில் சந்தை அந்த நிறுவனத்துக்குக் கொடுத்த மதிப்பு, 2021 ஜனவரியில் முடிந்த நிதியாண்டின் விற்பனையைப்போல 50 மடங்குக்கும் மேல். அப்படி ஒரு விலை நிற்க, வளர்ச்சி குறையவே கூடாது. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் வளர்ச்சி 7 சதவீதமாகச் சுருங்கியது. வளர்ச்சிப் பங்கில் விற்பனை கூடுகிறதா என்று பார்ப்பது போதாது. கூடும் வேகம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஊழியர்களுக்குப் புதிய பங்குகளை அள்ளிக் கொடுத்து மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையைப் பெருக்குகிறார்களா என்றும் ஒரு கண் வைக்கலாம், ஏனென்றால் அதனால் உங்கள் பாத்தியதை கரைந்துகொண்டே போகும்.

ஆவரேஜ் செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதிகபட்சம் இவ்வளவுதான் என்று தொகையை முன்பே முடிவு செய்து, புதிய காலாண்டு முடிவைப் பார்த்து, வாங்கிய காரணம் இன்னும் நிற்கிறது என்றால் மட்டும் வாங்கலாம்.

ஸ்டாப் லாஸ் இருக்கிறதே என்ற தைரியம்

2022 பிப்ரவரி 3 அன்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 20 அன்று நெட்ஃபிளிக்ஸ் 35 சதவீதம். இரண்டிலும் முடிவுகள் முந்தைய நாள் சந்தை மூடிய பிறகு வந்தன. மறுநாள் வர்த்தகம் தொடங்கியதே பெரும் பள்ளத்தில். விலை 10 சதவீதம் இறங்கினால் தானாக விற்கும்படி ஸ்டாப் லாஸ் என்ற ஆர்டரைப் போட்டிருந்தவருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. சாதாரண ஸ்டாப் லாஸ், விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறி, அப்போது கிடைக்கும் விலைக்கு விற்றுவிடும். இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று லிமிட் சேர்த்துப் போட்டால் விற்காமலே போகலாம். முடிவுகள் வரும் இரவில் உங்களைக் காப்பது வாங்கிய அளவு மட்டும்தான். மறுபுறம், தினமும் 4, 5 சதவீதம் ஆடும் பங்குக்கு 3 சதவீத ஸ்டாப் லாஸ் போடுபவர் ஒரு காரணமும் இல்லாமல் வெளியே தள்ளப்படுவார்.

மார்ஜினில், அதாவது தரகரிடம் கடன் வாங்கி, பங்கு வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி கடன் என்றால், பங்கு 50 சதவீதம் சரியும்போது உங்கள் பணம் முழுவதும் போயிருக்கும். அதற்கு வெகுமுன்பே தரகர் விற்றிருப்பார். முடிவுகளுக்கு முந்தைய நாள் கால் ஆப்ஷன் (பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) வாங்குவதிலும் சிக்கல் உண்டு. எல்லோரும் பெரிய அசைவை எதிர்பார்ப்பதால் அந்த உரிமையின் விலையான பிரீமியம் ஏற்கெனவே உப்பியிருக்கும், முடிவு வந்ததும் வற்றிவிடும். பங்கு ஏறியும் ஆப்ஷனில் நஷ்டம் வருவது இப்படித்தான்.

ஒரே பங்கின் தினசரி அசைவை இரண்டு மடங்காகத் தரும் ஃபண்டுகளும் வந்துவிட்டன. பங்கு 100-இலிருந்து 90-க்கு இறங்கி மறுநாள் 100-க்குத் திரும்பினால், பங்கு வைத்திருப்பவருக்கு நஷ்டம் இல்லை. ஃபண்டில் இருப்பவரின் 100, முதல் நாள் 80 ஆகி, மறுநாள் 22.2 சதவீதம் ஏறி, 97.8-இல் நிற்கும். இத்தகைய ஊசலாட்டம் ஒரு மாதம் தொடர்ந்தால், பங்கு இருந்த இடத்திலேயே இருக்க, ஃபண்டு மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.