ஃபைல் ஹிஸ்டரி ‘ஓன்’ என்று சொன்னாலும் திகதியைப் பாருங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோகொப்பி, தட்டச்சு, திருமண அழைப்பிதழ், அதற்கெல்லாம் மேலாகக் கல்வெட்டு. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் பாறையை நினைக்க வேண்டாம். இங்கே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்கள் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு அதுதான் பெயர். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். பிந்த முடியாத வேலை. அச்சகத்தில் மெஷின் பழுது என்பதற்காக முப்பத்தோராம் நாளைத் தள்ளி வைக்க முடியாது.

2025 யூனில் முப்பத்தாறு பக்கக் கல்வெட்டு ஒன்றை முடித்து வைத்திருந்தேன். அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. அடுத்த குடும்பத்தின் வேலை வந்ததும் அதே ஃபைலைத் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றி, பாதியை அழித்து, ‘சேவ் அஸ்’ கொடுக்க வேண்டிய இடத்தில் ‘சேவ்’ கொடுத்துவிட்டேன். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்த பிழைதான். நான் பதறவில்லை. வின்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி மணிக்கு ஒரு தடவை வெளி ஹார்ட் டிஸ்கில் கொப்பி எடுத்துக்கொண்டிருக்கிறது, காலையில் இருந்த பிரதியை எடுத்துவிடலாம் என்று ஆறுதலாகத் தேநீர் ஒன்று குடித்துவிட்டுத்தான் அதைத் திறந்தேன்.

கடைசிக் கொப்பி பெப்ரவரி 9ஆம் திகதி எடுத்தது.

அந்த நாள் கொழும்பில் யாருக்கும் மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை பகல், ஒரு குரங்கால் நாடு முழுக்க மின்சாரம் போன நாள். என் யூபிஎஸ் பேருக்கு மேசைக்கு அடியில் இருந்தது, பற்றரி செத்துப் பல நாள். வெளி டிஸ்க் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒரு ஃபைல்கூடக் கொப்பியாகவில்லை. ஆனால் ஃபைல் ஹிஸ்டரி ஜன்னலில் ‘ஓன்’ என்றுதான் இருந்தது. டிரைவை மறுபடி இணைக்கச் சொல்லி மூலையில் வந்த அறிவிப்பை ஏதோ விளம்பரம் என்று நான்தான் மூடியிருப்பேன்.

ஆகவே இதில் கோளாறு தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திகதியை. ஸ்டார்ட் தேடலில் ஃபைல் ஹிஸ்டரி என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறங்கள். வின்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் தேடிக் களைக்காதீர்கள், அது கொன்ட்ரோல் பனலில் மட்டும்தான் இருக்கிறது. கடைசியாகக் கொப்பி எடுத்த திகதியும் நேரமும் அங்கே ஒரு சின்ன வரியில் இருக்கும். பக்கத்தில் ‘ரன் நவ்’. அதை அழுத்துங்கள். வேலை முடிந்து திகதி இன்றைக்கு மாறினால் நல்லது. மாறாவிட்டால் கீழே சொல்வதை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் நான் தலைகீழாகச் செய்து ஒரு பின்னேரத்தை வீணாக்கினேன்.

முதலில் வயரும் துளையும். சிரிக்காதீர்கள். கடலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியும், உப்புக் காற்றில் யூஎஸ்பி துளைகள் இரண்டு மூன்று வருடத்தில் மங்கிப் போகும். முன்பக்கத் துளையில் டிஸ்க் தெரிவதும் மறைவதுமாக இருந்தால் பின்பக்கத் துளையில், இடையில் ஹப் எதுவும் இல்லாமல், நேரே செருகுங்கள். வயரையும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். நான் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் ஒரு சிறிய வயர் வாங்கி வந்தேன். டிஸ்க் மறைகிற பிரச்சினையில் பாதி அதோடு தீர்ந்தது.

அப்புறம் டிஸ்கைச் சோதியுங்கள். ‘திஸ் பிசி’யில் அந்த டிரைவின் மேல் வலது கிளிக், ‘புரொப்பர்ட்டீஸ்’, ‘டூல்ஸ்’, ‘செக்’. எழுதும்போது கரண்ட் போன டிஸ்கில் ஃபைல் அட்டவணை குழம்பியிருக்கும், பெரும்பாலும் இந்தச் சோதனை அதைச் சரிசெய்துவிடும். ஒரு எச்சரிக்கை. டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டால் சோதனையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அதில் இருப்பதில் முக்கியமானதை உடனே வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணிவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள். ‘ஃபோர்மட் பண்ணவா’ என்று வின்டோஸ் கேட்டால் இல்லை என்றே சொல்லுங்கள்.

டிஸ்க் நல்லது, ஆனாலும் கொப்பி எடுக்கவில்லை என்றால் ஃபைல் ஹிஸ்டரியின் சொந்தக் குறிப்பேடு கெட்டிருக்கும். எது எப்போது கொப்பியானது என்று அது தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அது குழம்பினால் டிஸ்க் கண்முன் இருந்தாலும் தெரியாதது போல இருக்கும். என் கடையில் நடந்தது இதுதான். முதலில் ஃபைல் ஹிஸ்டரியை ‘டேர்ன் ஓஃப்’ செய்யுங்கள். பிறகு வின்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் சதவீதக் குறி, லோக்கல்ஆப்டேட்டா என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில், மறுபடி சதவீதக் குறி என்று அடித்து என்டர் கொடுங்கள். திறக்கும் இடத்தில் மைக்ரோசொஃப்ட், அதற்குள் வின்டோஸ், அதற்குள் ஃபைல்ஹிஸ்டரி. அங்கே ‘கொன்ஃபிகரேஷன்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அழிக்க வேண்டாம். பெயரின் பின்னால் ‘பழையது’ என்று ஏதாவது சேர்த்து மாற்றிவிடுங்கள், தேவைப்பட்டால் திரும்பி வரலாம். பின்பு ஃபைல் ஹிஸ்டரியை மறுபடி ஓன் செய்து அதே டிஸ்கைத் தெரிவு செய்யுங்கள். இந்த டிஸ்கில் ஏற்கெனவே உள்ள பழைய கொப்பியைத் தொடரவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். முதல் கொப்பிக்கு நேரம் எடுக்கும். என்னுடையது இரவு முழுக்க ஓடியது.

இத்தனைக்குப் பிறகும் அது முரண்டு பிடித்தால் இடப்பக்கம் ‘அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்’ உள்ளே போங்கள். அடியில் நிகழ்வுப் பதிவைத் திறக்கும் ஒரு இணைப்பு இருக்கிறது. எந்த ஃபைலில் தடக்குப்படுகிறது என்று அதில் பெயரோடு எழுதியிருக்கும். பெரும்பாலும் பாதை மிக நீண்ட ஃபைலாக இருக்கும், அதாவது ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் முழ நீளப் பெயர். பெயரைச் சுருக்குங்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொன்னால் அதே பக்கத்தில் ‘கிளீன் அப் வேர்ஷன்ஸ்’ இருக்கிறது. சொல்லாமல் விட்டால் பழைய பிரதிகளை எந்நாளும் வைத்திருப்பதுதான் இதன் வழக்கம், அதை ‘இடம் தேவைப்படும் வரை’ என்று மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

இனி நான் தலையில் அடித்துக்கொண்ட விஷயம். ஃபைல் ஹிஸ்டரி எல்லாவற்றையும் கொப்பி எடுப்பதில்லை. டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ‘லைப்ரரி’யில் உள்ளவற்றையும் டெஸ்க்டொப் மாதிரிச் சிலவற்றையும் மட்டும்தான் எடுக்கும். கொம்பியூட்டர் பூட்டித் தருகிற தம்பிமார் எல்லோரும் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, ‘அண்ணை, வேலையை டி டிரைவில் வையுங்கள், சி பழுதானாலும் பயமில்லை’ என்று சொல்லித்தான் தருவார்கள். சொல்வது சரிதான். ஆனால் அந்த டி டிரைவை ஃபைல் ஹிஸ்டரி ஏறெடுத்தும் பார்க்காது. உங்கள் வேலை ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, வின்டோஸ் 11 என்றால் ‘ஷோ மோர் ஓப்ஷன்ஸ்’ போய், ‘இன்க்ளூட் இன் லைப்ரரி’ மூலம் டொக்யுமென்ட்ஸில் சேருங்கள். ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருக்கும், இனிக் கொப்பியும் ஆகும்.

மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான வன்டிரைவ் பாவிப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். ஃபைலின் பக்கத்தில் வெறும் மேகக் குறி மட்டும் இருந்தால் அது இணையத்தில்தான் இருக்கிறது, உங்கள் டிஸ்கில் இல்லை. இல்லாததை எப்படிக் கொப்பி எடுப்பது? வலது கிளிக் செய்து, இந்தக் கணினியிலேயே எப்போதும் வைத்திருக்கும் தெரிவைக் கொடுங்கள். ‘வின்டோஸ் பேக்அப்’ என்று இப்போது ஸ்டார்ட் மெனுவில் தலைகாட்டுவதும் வேறு சாமான். அது வன்டிரைவுக்கு அனுப்புவது, இலவச இடம் 5 ஜிபி. எங்களைப் போலப் படங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது ஒரு வாரத்துக்குப் போதாது.

ஃபைலைத் திரும்ப எடுக்கும்போது பச்சைப் பொத்தானை அப்படியே அழுத்தாதீர்கள். அது பழைய பிரதியை இப்போதுள்ளதன் மேலேயே எழுதப் பார்க்கும். பொத்தானின் மேல் வலது கிளிக் செய்தால் ‘ரீஸ்டோர் டு’ வரும், வேறு ஃபோல்டரில் இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மீட்கும் ஜன்னலே திறக்கவில்லையா? டிஸ்கை நேரே திறங்கள். ஃபைல்ஹிஸ்டரி என்ற ஃபோல்டர், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் கொம்பியூட்டரின் பெயர், அதற்குள் ‘டேட்டா’. எல்லாம் சாதாரண ஃபைல்கள்தான், பூட்டு ஒன்றும் இல்லை. வேறு கொம்பியூட்டரில் செருகியும் எடுக்கலாம். ஒவ்வொரு பெயரின் பின்னாலும் திகதியும் நேரமும் இருக்கும், ஆனால் அது நமது நேரம் இல்லை, யூடிசி என்கிற உலகப் பொது நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். என் கடைசிப் பிரதியில் 2025_02_09 05_31 என்று இருந்தது, அதாவது அன்று காலை 11 மணி 1 நிமிடம். இதைக் கவனிக்காமல் காலைப் பிரதி என்று மத்தியானப் பிரதியை எடுத்துவிடுவது சுலபம்.

என் கல்வெட்டு? அதை ஃபைல் ஹிஸ்டரி காப்பாற்றவில்லை. பிழை திருத்துவதற்காகக் கனடாவில் இருந்த, இறந்தவரின் மகளுக்கு வட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பியிருந்தேன். அதில் இருந்து எழுத்தைக் கொப்பி பண்ணி ஒட்டினால் ஒரே ஆங்கிலக் குப்பையாக வந்தது. ஒரு கணம் நெஞ்சு அடைத்துவிட்டது. பிறகுதான் உறைத்தது: நான் அடித்தது பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போடுகிற பழைய எழுத்துருவில். எல்லாவற்றையும் தெரிவு செய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினதும் தேவாரம் தேவாரமாக எழுந்து நின்றது. பக்கங்களை மறுபடி அடுக்க ஒன்றரை நாள் எடுத்தது. அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எனக்கு முப்பத்தோரு நாள் நித்திரை பாக்கி இருந்தது போல.

அதில் இருந்து ஒரு பழக்கம். எழுத்துருக்கள் வின்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பதால் ஃபைல் ஹிஸ்டரி அவற்றைத் தொடாது. புதுக் கொம்பியூட்டரில் ஃபைல்களை மீட்டுப் பார்த்து, எல்லாம் பழுதாகிவிட்டது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். ஃபைல் நன்றாகத்தான் இருந்தது, பாமினிதான் இல்லை. பாமினியையும் நீங்கள் பாவிக்கும் மற்ற எழுத்துருக்களையும் டொக்யுமென்ட்ஸில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

சிஸ்டம் ரீஸ்டோர் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கடைக்கு வருகிறவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள். அது டிரைவர், புரோகிராம், வின்டோஸின் சொந்த அமைப்பு இவற்றைத்தான் பின்னோக்கிக் கொண்டுபோகும். அழிந்த கல்வெட்டைத் தராது. புது பிரின்டர் டிரைவர் போட்டதும் கொம்பியூட்டர் கிறுக்குப் பிடித்தால் அதுதான் மருந்து. பல கொம்பியூட்டர்களில் அது ஓஃப் நிலையில்தான் வருகிறது, ‘கிரியேட் எ ரீஸ்டோர் பொயின்ட்’ என்று தேடித் திறந்து சி டிரைவுக்கு ஓன் பண்ணி, கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள். மீட்புப் புள்ளிகள் தாமாக மறைந்துவிட்டன என்றால் ஒதுக்கிய இடம் போதவில்லை, அல்லது பழசாகிவிட்டன. வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் 2025 யூன் புதுப்பிப்புக்குப் பின் 60 நாள் வரைதான் வைத்திருக்கும். பாதியில் 80070005 என்று முடியும் பிழை எண் காட்டி நின்றால் வைரஸ் தடுப்பு மென்பொருளைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். நீலத் திரையில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஓப்ஷன்ஸ்’ வழியாக அங்கிருந்து சிஸ்டம் ரீஸ்டோரை ஓடவிட்டால், வின்டோஸ் நித்திரையில் இருப்பதால் குறுக்கே யாரும் நிற்கமாட்டார்கள்.

அந்த நீலத் திரையில் சில லாப்டொப்கள், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் மீட்பு விசை கேட்கும். 48 இலக்கம். நாம் ஒருபோதும் போட்ட ஞாபகம் இருக்காது, புது லாப்டொப்பில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழையும்போதே அது தானாகப் பூட்டிக்கொண்டிருக்கும். விசை அந்தக் கணக்கின் பக்கத்தில், உங்கள் சாதனத்தின் பெயருக்குக் கீழே இருக்கிறது. இன்றைக்கே போனில் அந்தக் கணக்கைத் திறந்து ஒரு தாளில் எழுதுங்கள். லாப்டொப்புக்குள் ஒரு ஃபைலாகச் சேமித்து வைத்த ஒருவர் போன மாதம் கடைக்கு வந்தார். பெட்டியைப் பூட்டி, திறப்பையும் பெட்டிக்குள்ளே வைத்துவிட்டு வந்த மாதிரி நின்றார். என்னுடைய தாள் ஒன்று வீட்டு அலுமாரியில், மற்றது கடையில் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே, ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி கடைசிக் கொப்பியின் திகதியைப் பார்த்து எழுதிவிட்டு, ஏதாவது ஒரு பழைய அழைப்பிதழை வேறு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பார்த்துச் சரி போடுகிறேன்.