வைகைக்கரை லத்தீன்: வினைமுற்று அமைப்பது எப்படி?

மதுரை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் பல கிடைத்திருக்கின்றன. அந்தக் காசுகளோடு வந்த யவனர்கள் ஊர் திரும்பாமல் வைகைக்கரையிலேயே குடியிருந்தால், அவர்களுடைய லத்தீன் நம் நாவில் என்னவாகியிருக்கும்? அந்தக் கற்பனை மொழிக்குத்தான் வினைமுற்று அமைக்கப்போகிறோம். ஆண்ட்ரூ ஸ்மித் 1996இல் வேல்ஸ் மொழியின் ஒலிமாற்றங்களை லத்தீன்மேல் ஏற்றிப் பிரிதெனிக் என்ற மொழியை உருவாக்கினார். நம் வழியும் அதுவே.

விகுதிகளைப் புனையாதீர்கள். நான் அப்படித் தொடங்கி, ஸ்பானிய மொழியின் நகலில் போய் நின்றேன். ஒலி விதிகளை வகுத்தால் போதும், விகுதிகள் தாமே வரும்.

படி 1: 'பாடு' என்னும் வினையின் லத்தீன் நிகழ்கால வடிவங்களை நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் எழுதுங்கள்: கன்தோ, கன்தாஸ், கன்தத், கன்தாமுஸ், கன்தாதிஸ், கன்தன்த்.

படி 2: தமிழ் நாவின் விதிகளைப் பொருத்துங்கள். மெல்லினத்தை அடுத்த வல்லினம் 'பந்து' என்பதில் போல மென்மையாக ஒலிக்கும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே கடைசித் 'த்' உதிரும். 'ஸ்' என்பதும் உதிரும். உகரம் சேர்த்து அவற்றைக் காப்பாற்றவும் செய்யலாம், ஆனால் சொற்கள் கனத்துவிடுகின்றன. குறிலும் நெடிலும் மாறக் கூடாது.

படி 3: கிடைப்பவை இவை: கந்தோ, கந்தா, கந்த, கந்தாமு, கந்தாதி, கந்தன். நீ, அவர் இரண்டையும் பிரிப்பது ஒரு நெடில் மட்டுமே. அதைத் தமிழ்ச் செவி தவறவிடாது. கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'அவர்கள் பாடுகிறார்கள்' என்பதற்குக் கந்தன்! திருப்பரங்குன்றத்து அடிவாரத்தில் உட்கார்ந்து இதை எழுதினேன். பேனாவை வைத்துவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி 4: எதிர்காலம். பிற்கால லத்தீனில் 'பாட' என்ற எச்சத்தோடு 'எனக்கு உண்டு' என்ற வினையைச் சேர்த்தார்கள்: கன்தாரே ஹபெயோ. பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிய எதிர்காலங்கள் இதிலிருந்து பிறந்தவை. 'பாட இருக்கிறேன்' என்று சொல்லும் நமக்கு இது அந்நியமே அல்ல. துணைவினை தேய்ந்து ஒட்டிக்கொண்டால் கந்தாரயோ, கந்தாரா, கந்தார, கந்தாரேமு, கந்தாரேதி, கந்தாரன்.

படி 5: 'இரு' என்னும் வினையில் சிக்கல் வரும். லத்தீனில் 'நீ' என்பதற்கு எஸ், 'அவர்' என்பதற்கு எஸ்த். விதிப்படி இரண்டுமே 'எ' ஆகிவிடும். விதியைத் தளர்த்தாதீர்கள். பிரெஞ்சிலும் விகுதிகள் பேச்சில் தேய்ந்து ஒன்றாகிவிட்டதால்தான் எழுவாயைச் சொல்லியே தீரவேண்டியிருக்கிறது. நான் 'நீ' என்று பொருள்படும் லத்தீன் 'தூ' என்பதை முன்னால் வைத்தேன்: தூ எ.