பழைய கார், பைக் கண்காட்சியைப் பார்ப்பது எப்படி: முதல் தடவை செல்பவர்களுக்கான செய்முறை

பழைய வண்டிகளின் கண்காட்சிக்கு முதன்முதலாகச் சென்ற நாளில் நான் 400க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பி அவற்றை வரிசைப்படுத்த உட்கார்ந்தபோது, பாதிக்கு மேற்பட்ட வண்டிகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள எனக்குப் பல கண்காட்சிகள் தேவைப்பட்டன. இதைப் படிப்பவர்களுக்கு அவ்வளவு காலம் வீணாக வேண்டாம் என்பதற்காக, இப்போது நான் பின்பற்றும் முறையை எழுதுகிறேன். நுழைவுச்சீட்டு வாங்குவது, வண்டி நிறுத்துவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முதல் படி: சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய வண்டி எதுவானாலும் ‘விண்டேஜ்’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆர்வலர்களிடையே அச்சொல்லுக்குத் திட்டமான எல்லை உண்டு. பிரிட்டனில் 1934இல் தொடங்கப்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் வழக்கப்படி, 1919 முதல் 1930 வரை தயாரானவையே விண்டேஜ் கார்கள். லண்டனிலிருந்து பிரைட்டனுக்குச் செல்லும் புகழ்பெற்ற ஓட்டத்தில் 1905க்கு முன் தயாரான ‘வெட்டரன்’ கார்களுக்கு மட்டுமே இடம் உண்டு. பழைய வண்டிகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு நிறைந்த வண்டியையே வரலாற்று வாகனமாக ஏற்கிறது. இந்த மூன்று எல்லைகளையும் மனத்தில் வைத்திருந்தால், வண்டிகளை ஏன் இப்படி வகை பிரித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பது எளிதில் விளங்கும்.

இரண்டாம் படி: நேரம்

திறந்தவெளிக் கண்காட்சியாக இருந்தால், வாயில் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். பழைய வண்டிகள் தம் சொந்த என்ஜினின் பலத்தில் ஒவ்வொன்றாக உள்ளே வரும் அந்த முதல் ஒரு மணி நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. நிறுத்தி வைத்த வண்டியைப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன் ஒலியைக் கேட்பதற்கு வரும்போதும் போகும்போதும்தான் வாய்ப்பு. அருங்காட்சியகம் என்றால் வார நாளின் காலைப்பொழுது போதும்.

மூன்றாம் படி: எண்ணைப் படிப்பது

என்னை நீண்ட நாள் தடுமாற வைத்தது இதுதான் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வண்டியிடமும் முதல் படத்தை அதன் தகவல் பலகைக்கு ஒதுக்குங்கள். இரண்டாவது, வண்டியின் முழுப் பக்கவாட்டுத் தோற்றம். மூன்றாவது, என்ஜின் எண். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் பிறகு எந்தப் படம் எந்த வண்டிக்குரியது என்ற குழப்பமே வராது. பிரிட்டிஷ் நிறுவனமான டிரையம்ப்பின் 650 சிசி இரட்டை சிலிண்டர் பைக்குகளில் இந்த எண், இடப்புறத்தில், சிலிண்டருக்குச் சற்றுக் கீழே, என்ஜினின் அடிப்பகுதி உறையான கிராங்க்கேஸின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டகத்தின் எண் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் சேரும் கழுத்துப் பகுதியில் இருக்கும். டிரையம்ப் ஆலை இரண்டிலும் ஒரே எண்ணையே பொறித்து அனுப்பியது. ஆகவே இரண்டும் ஒத்திருந்தால், என்ஜினும் சட்டகமும் ஆலையிலிருந்து ஒன்றாகவே வெளிவந்தவை என்று கருதலாம். எண்கள் ஒத்த வண்டியை ஆர்வலர்கள் இவ்வளவு மதிப்பதற்கு அதுவே காரணம்.

1969ஆம் ஆண்டு மாடல்களில் தொடங்கி டிரையம்ப் எண்களின் முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் வருகின்றன. முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. மாத எழுத்துகளில் முதல் ஐந்தும் அகரவரிசைப்படி ஜனவரி முதல் மே வரை செல்கின்றன. பின்னர் சில எழுத்துகளைத் தாவி ஜூனுக்கு ஜி, ஜூலைக்கு ஹெச், ஆகஸ்டுக்கு ஜே என்று போய், டிசம்பர் எக்ஸில் முடிகிறது. ஆண்டுக்கு, சி என்றால் 1969, டி 1970, ஈ 1971, ஜி 1972. ‘எக்ஸ், ஈ’ என்று எண் தொடங்கிய ஒரு டிரையம்ப் போனவில் பைக்கைப் பார்த்தபோது இந்த அட்டவணையை வைத்து ‘1971 டிசம்பர்’ என்று நம்பிக்கையுடன் எழுதிக்கொண்டேன். அது தவறு. ஆண்டு எழுத்து குறிப்பது நாட்காட்டி ஆண்டை அன்று, விற்பனைப் பருவத்தை. ஆலையின் புதிய பருவம் ஆகஸ்டு வாக்கில் தொடங்கிவிடும்; எனவே அந்த வண்டி உண்மையில் 1970 டிசம்பரில் தயாரானது. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையிலான மாத எழுத்தைக் கண்டால் ஆண்டிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

எண்ணோடு நின்றுவிடாமல் உடலையும் பாருங்கள். 1971 பருவத்தின் டிரையம்ப் 650 வண்டிகளில் என்ஜின் ஆயில் தனித் தொட்டியில் இல்லை, சட்டகத்தின் முதுகுக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. சக்கரங்களின் மையப் பகுதிகளான ஹப்புகளும் கூம்பு வடிவத்துக்கு மாறின. எண் 1971 என்று சொல்லி, இருக்கைக்குக் கீழே பழைய ஆயில் தொட்டி தெரிந்தால், அந்த வண்டியின் கதையை உரிமையாளரிடம் பணிவுடன் கேட்கலாம்.

கார்களுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் 17 இடங்கள் கொண்ட அடையாள எண் 1981 மாடல்களிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கற்க முயலாமல் ஒரு நிறுவனத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: கருவிகள்

பெரிய கேமரா தேவையில்லை. கைபேசியில் இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மிக அகலமான லென்ஸ் மட்கார்டையும் முகப்பு விளக்கையும் வீங்கச் செய்து, வடிவமைத்தவர் வரைந்த கோட்டையே மாற்றிவிடுகிறது. கேமரா கொண்டு செல்பவர்கள் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைஸர் ஃபில்டர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். சிறிய டார்ச் ஒன்றை நான் எப்போதும் எடுத்துச் செல்கிறேன். அனுமதி பெற்று அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மறுபடி பூசிய பெயின்ட்டின் ஓரங்கள் தெரிந்துவிடும். ரப்பர் விளிம்புகளின்மேல் பெயின்ட் படிந்திருப்பதே எளிதில் தெரியும் அடையாளம். பளபளப்பான புதுப்பிப்பைவிட, மங்கிய பழைய பெயின்ட்டுடன் ஓடுகிற வண்டியின் முன் அதிக நேரம் நிற்பதையே நான் விரும்புகிறேன்.

பெல்ட் பக்கிளையும் தோள்பையையும் மறக்க வேண்டாம். குனிந்து பார்க்கும்போது டேங்கில் கீறல் விழுவது பெரும்பாலும் இவற்றால்தான். நான் பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்கிறேன்.

ஐந்தாம் படி: உரிமையாளரிடம் பேசுவது

விலையைக் கேட்காதீர்கள். ‘இதை எப்படி ஸ்டார்ட் செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். கார்புரேட்டரின் சிறு பொத்தானை அழுத்திப் பெட்ரோல் கசியும்வரை காத்திருப்பது, தீப்பொறியைத் தாமதப்படுத்தும் லீவரைத் திருப்புவது, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து ஒரே உதையில் கிளப்புவது என்று அவர்கள் விளக்கும்போது, தகவல் பலகை சொல்லாத பல செய்திகள் கிடைக்கும். ஃபோர்டு மாடல் டி வைத்திருப்பவரிடம் மூன்று பெடல்களைப் பற்றிக் கேளுங்கள்: இடது பெடல் கியருக்கு, நடுப் பெடல் பின்னோக்கிச் செல்வதற்கு, வலது பெடல் பிரேக்குக்கு, ஆக்ஸிலரேட்டரோ ஸ்டியரிங்குக்கு அருகே கை லீவராக இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் கியர் லீவர் வலப்புறம் இருப்பதையும் கவனியுங்கள். 1970களின் நடுவில் அமெரிக்க விதி இடப்புறத்தைக் கட்டாயமாக்கிய பிறகுதான் அது மாறியது.

அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள பார்பர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் 1,600க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்திருக்கின்றன. அங்கே கேட்க உரிமையாளர் இருக்கமாட்டார், எல்லாவற்றையும் பார்க்க முற்பட்டால் எதுவும் நினைவில் நிற்காது. ஒரு பத்தாண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சேர்ந்த வண்டிகளை மட்டுமே தேடிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் எழுதியவை

போலரைஸர் போட்டும் கிரோம் மீதான பளபளப்பு குறையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கருவியின் குறை இல்லை. பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் பட்டு வரும் பிரதிபலிப்பையே அந்த ஃபில்டர் தடுக்கும். வெற்று உலோகத்தின் மேல் அதற்குப் பலன் இல்லை. கிரோம் பகுதிகளுக்கு நீங்கள் நிற்கும் கோணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இன்னொருவர் சுட்டிக்காட்டியது முக்கியமானது, நான் முதலில் எழுதாமல் விட்டது என் தவறு. தனியாருக்குச் சொந்தமான வண்டியின் என்ஜின் எண்ணையும் சட்டக எண்ணையும் இணையத்தில் வெளியிடாதீர்கள். போலி ஆவணம் தயாரிப்பவர்களுக்கு அது உதவிவிடும். எண்ணைப் படமெடுக்கும் முன் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிரையம்ப் எண்ணைப் பகிரும்போது முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை மறைத்துவிடுங்கள். காலத்தைக் கணிக்க அந்த இரண்டும் போதும்.