உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கூடலூர் நீதிமன்றங்களுக்குப் புதிதாக வரும் ஜூனியர்கள் அரசியலமைப்புத் தீர்ப்புகளைப் படிக்கும்போது, எங்கள் காலத்துத் தவறுகளையே திரும்பவும் செய்கிறார்கள். ஆண்டை மாற்றிச் சொல்வது, பெயரைக் குழப்புவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கட்சிக்காரரைக் கவிழ்த்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பதிலைத் தீர்ப்பு என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பந்தலூர்ப் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்தில் (கூடலூர் ஜென்மம் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலம்) தேயிலை வைத்திருந்த ஒருவரிடம் அவருடைய வக்கீல், "ஒன்பது நீதிபதிகள் சொல்லியாச்சு, ஜென்மம் சட்டமே இனி செல்லாது" என்று சொல்லிவிட்டார். அதை நம்பி, வந்த நோட்டீஸுக்கு அவர் பதிலே போடவில்லை. கெடு தாண்டிய பிறகுதான் காகிதக் கட்டோடு என்னிடம் வந்தார்.

ஜென்மம் என்ற பரம்பரை நில உடைமையை ஒழிக்க, கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தது. 1972-இல் பால்மாடீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதில் காடுகளை அரசுக்கு மாற்றும் பகுதியை மட்டும் செல்லாது என்றது. 1974-இல் நாடாளுமன்றம், 34-ஆவது திருத்தத்தின் மூலம், முழுச் சட்டத்தையும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அங்கே போய்விட்டால், அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி ஒரு சட்டத்தைத் தள்ள முடியாது. 31பி பிரிவு அப்படிக் காக்கிறது. அந்தக் காப்பு எதுவரை என்ற கேள்விதான் ஐ.ஆர். கோயலோ வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வுக்குப் போனது.

2007 ஜனவரி 11 அன்று அமர்வு ஒருமனதாகப் பதில் சொன்னது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த சட்டங்கள் அந்தக் கட்டமைப்பைச் சிதைக்கின்றனவா என்று நீதிமன்றம் சோதிக்கலாம். சோதிக்கலாம், அவ்வளவுதான். ஜென்மம் சட்டம் அந்தச் சோதனையில் தோற்றது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. முடிவு சொல்ல வழக்குகளை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே முடிந்துபோன நடவடிக்கைகளை இதை வைத்துக் கிளற முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் தீர்ப்பின் கடைசிப் பத்திகளில் இருக்கிறது. தீர்ப்பின் முன்னால் அச்சிடும் சுருக்கமான ஹெட்நோட்டோடு நிறுத்திய வக்கீல் அதுவரை போகவில்லை, நஷ்டம் அந்த விவசாயிக்கு.

அமர்வின் அளவைப் பார்க்காதது

அரசியலமைப்பைப் பற்றிய முக்கியமான கேள்வி என்றால் குறைந்தது 5 நீதிபதிகள் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 145(3) பிரிவு. பெரிய அமர்வு சொன்னதைச் சின்ன அமர்வு மாற்ற முடியாது. தீர்ப்பைத் திறந்ததும் தலைகளை எண்ணுங்கள்.

மாறுபட்ட தீர்ப்பிலிருந்து மேற்கோள்

கேசவானந்த பாரதி தீர்ப்பில் 7 நீதிபதிகள் ஒரு பக்கம், 6 பேர் மறுபக்கம். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வரியை எடுக்காதீர்கள்.

21-ஆவது பிரிவைத் தனியாகப் படிப்பது

1978 மேனகா காந்தி தீர்ப்புக்குப் பிறகு, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21-ஐ 14 (சமத்துவம்), 19 (சுதந்திரங்கள்) பிரிவுகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கோதவர்மனை எதற்கும் இழுப்பது

கோதவர்மன் வழக்கும் கூடலூர்க் காடுகளிலிருந்து உச்ச நீதிமன்றம் போன வழக்குதான். ஆனால் 1996 டிசம்பர் 12 உத்தரவில் 'காடு' என்பதற்குச் சொன்ன விரிந்த பொருள், 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குச் சொன்னது.