மதுரையிலிருந்து தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தேனிலவு

ஆவணி முகூர்த்தம் என்றால் யோகம்தான். செப்டம்பர் அங்கே வறண்ட காலம். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றங்கரைக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஆனால் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் உள்ள விக்டோரியா அருவியில், முக்கியமாக ஜாம்பியா பக்கம், தண்ணீர் குறைந்துவிடும். அருவிதான் முக்கியம் என்றால் சித்திரை, வைகாசியில் போங்கள்.

அதிகம் பேர் சிக்குவது மஞ்சள் காய்ச்சல் ஊசியில். விமானம் நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக என்றால் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடினால் பலனில்லை. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம்மூர் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடலாம்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே மணப்பெண்ணுக்கும் டிக்கெட் எடுங்கள். கணவர் பெயரைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். தாலி போக மற்ற நகையை வீட்டில் வைப்பதே நல்லது. கொண்டுபோனால், புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்று டெல்டாவுக்குச் சிறு விமானம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏறாது, துணிப்பைதான். தென் ஆப்பிரிக்கச் சுவர்களில் பெரும்பாலும் நம்மூர் கீசருக்குப் போடும் 15 ஆம்ப்பியர் உருண்டை முள் பிளக்தான். டவுன்ஹால் ரோட்டிலேயே அதற்கான அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

தென் ஆப்பிரிக்காவின் குரூகர் வனவிலங்குப் பூங்கா, சோபே இரண்டிலும் மலேரியா உண்டு. மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள்வரை விழுங்குங்கள்.